புறக்கடைக் கோழியும் பொதுக் குப்பியும்

நெசவாளர் குடும்பம் ஒன்றின் வரவு செலவை எழுதச் சொன்னால், கூலி ஒரு பக்கமும், அரிசி, எண்ணெய், வாடகை, வைத்தியம் ஆகியவை மறுபக்கமும் வந்து நிற்கும். புறக்கடை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. கிணற்றடி வாழையையும், வேலியோர முருங்கையையும், அடுக்களைக்குப் பின்னால் மண்ணைக் கிளறித் திரியும் நான்கு கோழிகளையும் எவரும் வருமானம் என்று சொல்வதில்லை. அவை இருக்கின்றன, அவ்வளவே. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டு, தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாமல் தறி நின்றுவிடும் நாட்களில், அந்த வீட்டுத் தட்டில் சோற்றோடு வேறு ஏதேனும் இருக்குமானால், அது பெரும்பாலும் புறக்கடையிலிருந்து வந்ததாகவே இருக்கும். பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர் வீடுகளிலும் அறுவடைக்கு முந்திய மாதங்கள் இவ்வாறே கழிகின்றன.

இம்மாதப் பாடத்தில் அந்தப் புறக்கடையைப் பற்றி, முக்கியமாகக் கோழியைப் பற்றி, எழுத எண்ணினோம். எழுதுவதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு நஷ்டம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், சந்தையிலிருந்து நல்ல சேவல் ஒன்று வாங்கி வந்தோம். வீட்டில் அப்போது ஐந்து பெட்டைகளும், இரண்டு விடைக்கோழிகளும், ஒரு தாயின் பின்னால் ஒன்பது குஞ்சுகளும் இருந்தன. வாங்கி வந்த சேவலை அன்றிரவே அவற்றோடு ஒரே கூட்டில் அடைத்தோம். நான்காம் நாள் சேவல் தீனி எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தது. அதற்குப் பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இரண்டு வாரத்துக்குள் கூடு காலியாகிவிட்டது. எங்கள் வீட்டோடு அது நிற்கவும் இல்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு என்று தெரு முழுவதும் பரவிற்று. சித்திரை பிறந்தபோது விடியற்காலையில் சேவல் கூவும் ஓசையே எங்கள் தெருவில் இல்லை.

நான்கு வீடு தள்ளி ஓர் அம்மாள் இருக்கிறார். கணவரை இழந்தவர், தார் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவர். அவரிடம் இருந்தவை ஆறு கோழிகள். பேத்தியின் பள்ளிக்கூடச் செலவுக்கென்று முட்டை விற்றுச் சேர்த்துவந்தார். ஆறும் போயின. சேவல் எந்த வீட்டுக்கு வந்தது என்பது தெருவுக்கே தெரியும். அவர் எங்களை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

இந்த நோயை நம் பக்கத்தில் வெள்ளைக்கழிச்சல் என்றும் கோழிக்கழிச்சல் என்றும் வழங்குகிறார்கள். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கேத் நோய் என்பார்கள். 1926-இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் அருகே கண்டறியப்பட்ட அதே நோய், அதையடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் இமயமலைச் சாரலில் குமாவூன் பகுதியைச் சேர்ந்த ராணிக்கேத்தில் காணப்பட்டது; அந்த ஊரின் பெயரே நம் நாட்டில் நிலைத்துவிட்டது. இது ஒரு வைரஸால் உண்டாவது. வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது. மஞ்சளும் வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதும், மருந்துக் கடையில் எதையோ வாங்கித் தண்ணீரில் கலப்பதும் மனச்சமாதானத்துக்கே உதவும். தடுப்பு மருந்து பெறாத கோழிகளிடையே நுழைந்தால் அநேகமாகக் கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடும். நோயுற்ற கோழியின் எச்சம், அது குடித்த தண்ணீர், அதைத் தூக்கிய கை, கூட்டை மிதித்த செருப்பு ஆகிய எல்லாவற்றாலும் பரவும். கோடை தொடங்கும் வேளையில் அதன் கொடுமை மிகுதி.

ஆனால் வருமுன் தடுக்கும் வழி நெடுநாளாகவே உண்டு. இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். அந்த ஊர்ப் பெயரால் வழங்கும் வகையே இன்றும் வளர்ந்த கோழிகளுக்கு இறக்கையடித் தோலில் ஊசியாகப் போடப்படுகிறது. 8 வாரம் நிரம்பாத குஞ்சுக்கு அது ஆகாது, வேகம் அதிகம். குஞ்சுகளுக்கு மென்மையான வேறு வகை உண்டு. பொரித்த ஏழாம் நாளை ஒட்டி, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டால் போதும். கோழியைப் பிடித்து ஊசி போட இயலாத வீடுகளுக்காக, தீனியைப் போலக் கொத்தித் தின்னும் குருணை வடிவத்திலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். கால்நடைத் துறையினர் கோடைக்கு முன்பாக, பிப்ரவரி மாதத்தை ஒட்டி, ஊர்தோறும் முகாம் நடத்திப் புறக்கடைக் கோழிகளுக்கு ஊசி போடுகிறார்கள். இவையெல்லாம் இருந்தும் எங்கள் தெருக் கோழிகள் ஏன் செத்தன?

இந்த இடத்தில்தான் கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று 100 கோழிகளுக்கு, சில வகைகளில் அதற்கும் மேற்பட்ட கோழிகளுக்கு, என்ற அளவில் வருகிறது. உறைந்த பொடியாக இருக்கும் மருந்தைக் கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கென்று எடுத்துவைக்க இயலாது. குப்பியைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரவும் பனிக்கட்டி வேண்டும். சூடு பட்டால் மருந்து வெறும் தண்ணீராகிவிடும். பெரும் பண்ணைக்காரருக்கு இதில் சிரமம் இல்லை. ஐந்து கோழி வைத்திருப்பவர் 100 கோழிக்கான குப்பியை வாங்கி, 95 பங்கைச் சாக்கடையில் ஊற்றுவாரா? முகாம் வருகிற நாளில் அவர் பாவு பிணைத்துக்கொண்டிருப்பார். கோழி மேயப் போயிருக்கும். முகாமுக்குப் பின் பொரித்த குஞ்சுகளுக்கு அடுத்த முகாம்வரை காவல் இல்லை. ஒவ்வொரு வீடும் தனியாக நின்று பார்த்தால் ஊசி போடாததே நியாயமாகத் தோன்றும். பதினெட்டு வீட்டுக்காரர்கள் அவ்வாறே நியாயமாக நடந்துகொண்டதன் பலனாகத்தான் பதினெட்டு வீட்டுக் கோழிகளும் செத்தன. நூலைச் சேர்ந்து வாங்கவும், துணியைச் சேர்ந்து விற்கவும் கற்றுக்கொண்ட நாம், ஒரு சிறு குப்பியைச் சேர்ந்து வாங்க நினைக்கவில்லை.

மறு ஆண்டு நினைத்தோம். கோழி வைத்திருக்கும் வீடுகளை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினோம்: வளர்ந்தவை எத்தனை, குஞ்சுகள் எத்தனை, எந்தத் தேதியில் பொரித்தவை. கால்நடை மருந்தகத்தில் கேட்டு, எந்த வயதுக்கு எந்த மருந்து என்று தெரிந்துகொண்டோம். தெருவில் ஒரு பிள்ளை அங்கேயே சென்று சொட்டு விடவும் ஊசி போடவும் பழகி வந்தான். அடை வைப்பதை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டால் குஞ்சுகளும் ஒரே வாரத்தில் பொரியும். ஒரு குப்பி எல்லாவற்றுக்கும் ஆகும். இதைச் சொல்வது எளிது, செய்வது அவ்வளவு எளிதல்ல. கோழி அடைக்கு உட்காருவது நம் தீர்மானப்படி நடப்பதில்லை. ஆயினும் முட்டைகளைக் குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் வரை சேர்த்துவைத்து அடை வைக்கலாமாகையால், பத்து நாள் வித்தியாசத்துக்குள் ஓரளவு ஒழுங்குபடுத்த முடிந்தது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஊசி போடும் நாளில் வயது முதிர்ந்த பாட்டி ஒருவர் தம் கோழியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “ஊசி போட்டா முட்டை வெக்கிறத நிறுத்திப்போடும் கண்ணு, என்ற கோழிய விட்டுரு” என்றார். அது முற்றிலும் பொய்யான பயம் அன்று. முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பெட்டைக்கு வேகமான மருந்தைப் போட்டால் சில நாட்கள் முட்டை குறைவது உண்டு. ஆகவே முட்டையிடத் தொடங்கும் முன்பே, விடைக்கோழிப் பருவத்தில், போட்டுவிடுவது மேல். பாட்டியிடமும் அதையே சொன்னோம். “அப்ப இந்த வெடைக்கு மட்டும் போடு” என்று ஒன்றைக் கொடுத்தார். மற்றதை அந்தத் தடவை கொடுக்கவே இல்லை. வற்புறுத்தாமல் விட்டது நல்லதாயிற்று. அடுத்த முறை அவரே கொண்டுவந்தார்.

ஊசி போடும் வேளையைப் பற்றி ஒரு சொல். பகலில் நாட்டுக்கோழியைத் துரத்திப் பிடிப்பது பிள்ளைகளுக்கு வேடிக்கை, கோழிக்கு வதை. கூடடைந்த பிறகு, அல்லது காலையில் திறந்துவிடுமுன், பிடிக்க வேண்டும். சோர்ந்திருக்கும் கோழிக்குப் போடக் கூடாது. போடுகிறவர் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டால் கண் சிவந்து உறுத்தும். அந்த எச்சரிக்கையும் தேவை.

மருந்துக்கு அடுத்தபடியாக வேண்டியது, வெளியிலிருந்து வரும் கோழியைத் தனியே வைப்பது. சந்தையில் வாங்கினாலும், சம்பந்தி வீட்டிலிருந்து சீராக வந்தாலும், 21 நாள் வேறு பஞ்சாரத்தில், வேறு தண்ணீர்ச் சட்டியோடு, புறக்கடையின் மறுகோடியில் இருக்கட்டும். அடை வைத்த முட்டை பொரிவதற்கும் 21 நாள்தான். அந்தப் பொறுமை நமக்குப் பழக்கமானதே. செத்த கோழியைக் குப்பைமேட்டில் எறியாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ‘தலை சாய்த்துவிட்டது, சாகுமுன் அறுத்துவிடலாம்’ என்று குழம்பு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். அறுக்கும் இடத்து இரத்தமும் இறகும் நோயைத் தெருவெங்கும் பரப்பும். கோழிகள் கூட்டமாகச் செத்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும். அது மனிதரையும் தொடும் நோய். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

கோழி பிழைத்தால் அப்புறம் அதன் பராமரிப்பு நம் பெண்மக்களுக்குத் தெரியாததன்று. பெட்டை ஒன்றின் அடியில் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்கலாகாது என்பதும், ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் பார்த்துக் கூமுட்டையை நீக்கிவிடலாம் என்பதும் பாட்டிமார் சொல்லியே வருபவை. வனராஜா, கிராமப்பிரியா போன்ற, ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட இனங்கள் நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையிடும்; ஆனால் அவை அடைக்கு உட்காருவதில்லை. ஆகவே அவற்றை வளர்க்கிறவரும் ஒரு நாட்டுப் பெட்டையைக் கைவிடாமலிருப்பது நலம். குஞ்சுகளுக்குக் கறையான் சிறந்த தீனி. பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் இட்டு, நீர் தெளித்து, மாலையில் புற்றின் அருகே கவிழ்த்துவைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். தறிமரம் இருக்கிற வீட்டின் சுவரோரமாக இதைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் நெசவு வீட்டுக்கே உரிய சில தொல்லைகளைக் கோழிப் புத்தகங்கள் எழுதுவதில்லை. ஒன்று, நூல் கழிவு. தறியடியில் கூட்டித் தள்ளும் அறுந்த இழைகள் குப்பையோடு புறக்கடைக்குப் போகின்றன. குப்பையைக் கிளறும் குஞ்சின் காலில் அந்த இழை சுற்றிக்கொள்ளும்; குஞ்சு வளர வளர இறுகும்; இரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து விழுந்துவிடும். சில வேளை இழையை விழுங்கி இரைப்பை அடைத்துச் சாவதும் உண்டு. தறியடிக் குப்பைக்குத் தனிச் சாக்கு ஒன்று கட்டிவைப்பதே இதற்கு வழி. மற்றொன்று, கஞ்சி. தெருவில் நீட்டிய பாவில் காயும் கஞ்சியைக் கொத்தக் கோழிகள் வந்துவிடும். ஒரு கொத்துக்கு எத்தனை இழை அறும் என்று பிணைப்பவரைக் கேட்டால் தெரியும். பாவு நீட்டும் காலைகளில் கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே தீனி வைத்துவிட வேண்டும். எங்கள் தெருவில் பாதிச் சண்டை இதனால் வந்தது. மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது: சாயத் தண்ணீர். நூலைச் சாயம் தோய்த்த நீரையும், சாய நூல் அலசிய நீரையும் கீரைப் பாத்திக்கோ கோழி குடிக்கும் இடத்துக்கோ விடவே கூடாது. செடி வாடவில்லை என்பதால் தீங்கில்லை என்று ஆகிவிடாது.

பாத்திக்கு உரிய தண்ணீர் வேறே இருக்கிறது. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் கீரைக்கு; பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்கும் சேம்புக்கும். சிறுகீரை விதைத்து ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிவந்தால் பல மாதம் நிற்கும். கோழிக்கும் கீரைக்கும் உள்ள பகை உலகறிந்தது. முளை நாலு இலை விடும்வரை பாத்தியின்மேல் முள்ளைப் பரப்பிவைக்க வேண்டும். கோழி எச்சத்தைப் பச்சையாகக் கீரைக்கு இட்டால் வேர் வெந்துபோகும், கீரையிலும் நோய்க்கிருமி ஒட்டும். சருகோடு சேர்த்து மூன்று மாதம் மக்கவைத்தால் அதைவிட நல்ல உரம் இல்லை. முருங்கைக்கு இடம் வேலி. பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளிவந்த பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கையை விதை போட்டே வளர்க்கலாம், ஆறு மாதத்தில் காய்க்கும். கீரைக்கு மட்டும் என்றால் பழைய மரத்துப் போத்தை நட்டாலும் குறைவில்லை.

இனி, அந்த முட்டையும் கீரையும் யாருடைய தட்டில் விழுகின்றன என்பதைப் பார்ப்போம். நாட்டுமுட்டைக்குக் கடையில் நல்ல விலை. விற்றுவிட வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தக் காசில்தான் பல வீடுகளில் உப்பும் மிளகாயும் வருகின்றன. ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, மீதியிருப்பதை வீட்டுத்தலைவருக்கும் மூத்த மகனுக்கும் வைப்பது நம் வழக்கமாக இருக்கிறது. பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010 முதல் பள்ளி நாள்தோறும் ஒன்று என்றாயிற்று. அங்கன்வாடிப் பிள்ளைக்கும் உண்டு. அங்கன்வாடிக்குப் போகும் வயதை எட்டாத குழந்தைக்கும், காலையிலிருந்து இருட்டும்வரை இராட்டையடியில் தார் சுற்றும் தாய்க்கும் எந்தத் திட்டத்தின் கரண்டியும் நாள்தோறும் முட்டை பரிமாறுவதில்லை. ஆகவே வாரத்தில் விற்காமல் நிறுத்தும் முட்டைகள் முதலில் அவ்விருவருக்கும் உரியவை என்பது எங்கள் துணிபு. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நன்றாக வெந்த முட்டையை மசித்துச் சிறிது சிறிதாகத் தரலாம். பூப்பெய்திய பெண்ணுக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு கொடுக்கும் வழக்கத்தில் அன்பு இருக்கிறது; ஆயினும் பச்சை முட்டையில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கக்கூடும், அதன் சத்தும் வெந்த முட்டையினுடையதைப் போல உடலில் சேர்வதில்லை. வேகவைத்தே கொடுக்கட்டும்.

ஆறு பேர் வீட்டில் இரண்டே முட்டை இருந்தால் அவற்றை முருங்கைக்கீரையில் சேர்ப்பதுதான் நிறைவு தரும். இரண்டு கை உருவிய கீரை, ஒரு பிடி சின்ன வெங்காயம், இரண்டு வற்றல் மிளகாய். கடுகு தாளித்து வெங்காயம் வதங்கியதும் கீரையைப் போட்டு, ஒரு கை நீர் தெளித்து, மூடாமல் வேகவிட வேண்டும். கீரை சுருண்டு நீர் வற்றிய பிறகே முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவது. முன்னதாக ஊற்றினால் கீரையும் வேகாது, முட்டையும் திரிந்துபோகும். இறக்கி, எலுமிச்சம்பழம் அரைமூடி பிழிந்தால் கீரையின் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். உண்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்து சேராமல் தடைப்படும். தறி மேடையிலேயே தேநீர் வந்து நிற்கிற நம் வீடுகளில் இதைக் கடைப்பிடிப்பது கடினந்தான். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட்டால் போதும்.

எங்கள் தெருக் குறிப்பேட்டைப் பற்றி மேலே சொன்னோம். அதை இப்போது வைத்திருப்பவர் தார் சுற்றும் அந்த அம்மாள். எழுதுவது பேத்தி, சொல்வது அவர். குஞ்சு பொரித்த தேதி, சொட்டு விட்ட தேதி, ஊசி போட்ட தேதி, குப்பிக்கு ஒவ்வொரு வீடும் கொடுத்த காசு எல்லாம் அதில் இருக்கின்றன. வெளியிலிருந்து கோழி வந்த வீட்டின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் தனியே எழுதி, 21 நாள் கழிந்த பிறகுதான் அடிக்கச் சொல்கிறார். இதை எழுதும் இந்த வாரத்தில் அந்தப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று எங்களுடையது, இன்னும் ஒன்பது நாள் பாக்கி.